சோலைமணி வாசித்த பக்கங்கள்

இந்தக் கதையில் வரும் எதையும் நான் நேரில் பார்த்ததில்லை. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஒருத்தி சொன்னது. அவளுக்கு அவள் அத்தை மகள் சொன்னது. அத்தை மகள் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். இத்தனை வாய் மாறி வந்ததால் சில இடங்களில் கூடியிருக்கும், சில இடங்களில் குறைந்திருக்கும். எது எங்கே என்று எனக்குத் தெரியாது. கேட்டபடியே சொல்கிறேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிற்பாடு நானே போய்ப் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒத்தைக்கரிசல் என்ற ஊரில் வெள்ளத்தாயின் மகள் சோலைமணி ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில், தமிழ்ப் புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்திலிருந்து எழுத்துகள் உதிர்ந்தன.

அதற்கு முன்பும் எழுத்துகள் அவளைப் படுத்திக்கொண்டுதான் இருந்தன. மற்றப் பிள்ளைகளுக்கு வரிசையில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தவை அவள் கண் பட்டதும் இடம் மாறின, முன்னால் நிற்க வேண்டியது பின்னால் போய் நின்றது, மேல் வரியில் இருந்தது கீழ் வரிக்கு இறங்கியது, ஒரு சொல்லைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனால் பிடித்து வைத்தது நழுவியது. ஆனால் காதால் கேட்ட எதையும் அவள் மறந்ததில்லை. யாராவது ஒரு தடவை வாசிக்கக் கேட்டால் பாடம் முழுவதையும் கமா முற்றுப்புள்ளியோடு ஒப்பிப்பாள். அதே பாடத்தைப் புத்தகத்தில் காட்டினால் முதல் வரி தாண்டமாட்டாள். "வாய் மட்டும் ரேக்ளா வண்டி மாதிரி பறக்குது, புத்தகத்தத் தொறந்தா மாடு படுத்துக்கிருது" என்று தமிழ் சார் சொல்வார். வகுப்பு சிரிக்கும். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சிரிக்க முடியவில்லை. "ஒரே ஒரு பத்தி வாசிச்சிட்டுத்தான் இன்னைக்கு நீ உக்காரணும். பெல் அடிச்சாலும் சரி, பொழுது அடைஞ்சாலும் சரி" என்று சார் பெஞ்சின் மேல் ஏறி நிற்கச் சொல்லிவிட்டார். சோலைமணி நின்றாள். உள்ளங்காலில் இருந்து உச்சி வரைக்கும் உடம்பில் இருந்த அத்தனை ஆசையையும் திரட்டிக் கண்ணுக்குக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தின் முதல் சொல்லைப் பார்த்தாள். அப்போதுதான் முதல் எழுத்து ஆடியது, காம்பு காய்ந்த பூ மாதிரி கழன்றது, பிறகு அடுத்தது, அதற்கடுத்தது, மழைக்கு மறுநாள் விளக்கடியில் ஈசல் இறகு கொட்டுகிற மாதிரி கறுப்பாக, சத்தமே இல்லாமல், அவள் பாவாடையிலும் பெஞ்சிலும் தரையிலும் கொட்டி முடிந்தன. பக்கம் வெளுத்த வேட்டியாகக் கிடந்தது.

சார் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் எழுத்து இருந்தது. "சும்மா குடுக்குற புத்தகம்னா இப்படித்தான் பாழாக்குவீங்க" என்றார். "போய் வெளக்கமாறு எடுத்துட்டு வந்து கூட்டிப் பெருக்கிட்டு உக்காரு."

அவள் பெருக்கி, முறத்தில் அள்ளி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொட்டினாள். சத்துணவுக்கூடத்துக் கோழிகள் ஓடிவந்து அவற்றைக் கொத்தித் தின்றன. அந்தக் கோழி இட்ட முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பதுதான் ஊரில் அந்த வாரம் நடந்த விவாதம். கொடுக்கலாம், ஆனால் பரீட்சை நேரத்தில் மட்டும் என்று ஒருவர் சொன்னார். அதையே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அவள் பார்த்ததெல்லாம் உதிர்ந்துவிடவில்லை. சும்மா கண்ணை ஓட்டினால் ஒன்றும் ஆகாது. வாசிக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டால்தான் உதிரும். இது புரிய ஊருக்கு ஒரு வருடம் ஆனது. அதற்குள் ரேஷன் கடையின் இருப்புப் பலகை இரண்டு முறை வெறுமையானது. "ஏ சோலை, அங்கிட்டுத் திரும்பி நில்லு தாயி, இப்பத்தான் எழுதிப் போட்டுருக்கேன்" என்று கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே கும்பிடு போடுவார். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு உபயம் வந்த டியூப்லைட்டுகளில், உபயதாரர் பெயர், அவர் தகப்பனார் பெயர், கடைப் பெயர், போன் நம்பர் என்று பட்டையாக எழுதி வெளிச்சமே வராமல் தொங்கும் அல்லவா, அவற்றில் ஆறு லைட்டை அவள் அண்ணாந்து வாசிக்கப் பார்த்துவிட்டாள். கோயில் கட்டிய நாளிலிருந்து இல்லாத வெளிச்சம் அன்றைக்கு மண்டபத்தில் அடித்தது. அந்த வெளிச்சத்தில் அம்மன் மூக்குத்தியில் கல் இல்லாதது எல்லார் கண்ணிலும் பட்டது. பூசாரி மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. "எங்கய்யா பேரே போயிருச்சு, இனி லைட்டு எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன?" என்று உபயதாரர்கள் சண்டைக்கு வந்தார்கள். சோலைமணி இனிமேல் குனிந்துகொண்டேதான் கோயிலுக்குள் வர வேண்டும் என்று தீர்மானம் ஆனது.

ஒன்பதாம் வகுப்பில் வட்டாரத்திலிருந்து ஒரு சிறப்பு ஆசிரியை வந்தார். ஒரு மணி நேரம் அவளோடு பேசினார், படங்கள் காட்டினார், கேள்வி கேட்டார். பிறகு, "நீ மக்கு இல்லம்மா, இதுக்கு ஒரு பேர் இருக்கு, உலகம் பூரா இருக்கு, இத வச்சுக்கிட்டே படிச்சு மேல வந்தவங்க நெறையப் பேர் இருக்காங்க" என்று சொல்லி, அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி, பரீட்சையில் இன்னொருவர் அவளுக்காக எழுதலாம் என்ற சலுகையையும் எழுதி, தலைமை ஆசிரியரிடம் கொடுக்கச் சொன்னார். மக்கு இல்லை என்று ஒரு ஆள் சொல்வது சோலைமணிக்கு அதுதான் முதல் தடவை. தலைமை ஆசிரியர் அறை வாசலில் காத்து நின்றபோது அந்தப் பெயர் என்ன என்று பார்க்க அவளுக்கு ஆசை வந்துவிட்டது. அறைக்குள் போகும்போது அவள் கையில் வெள்ளைத் தாள் இருந்தது. சிறப்பு ஆசிரியை அடுத்த வருடம் வேறு வட்டாரத்துக்கு மாறிப்போனார்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகுதான் ஊர் அவளைத் தேடி வந்தது. முதலில் வந்தவள் மேலத்தெரு ராமலட்சுமி. மகளுக்குச் செவ்வாய் தோஷம், வந்த மாப்பிள்ளையெல்லாம் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். "நீ ஒண்ணுஞ் செய்ய வேணாம்த்தா, சும்மா வாசி" என்றாள். சோலைமணி வாசித்தாள். வெற்றுத் தாளில் வேறு ஜாதகம் எழுதி அந்தப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது. அப்புறம் ஃபெயில் மார்க் வந்த பையனின் அப்பா வந்தார், மாமியாருக்குப் போன மொட்டைக் கடுதாசியைத் திருடிக்கொண்டு ஒரு மருமகள் வந்தாள், கோர்ட் சம்மனோடு ஒருவர் ராஜபாளையத்திலிருந்தே பஸ் ஏறி வந்தார். பாவனை செய்தால் உதிராது. ஒவ்வொரு தாளையும் அவள் உண்மையாகவே வாசிக்க ஆசைப்பட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆசைப்பட்டு, ஒவ்வொரு தடவையும் தோற்றாள். வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வெள்ளத்தாய்க்கு இது பிடிக்கவே இல்லை. "படிக்கணும்னு தவிக்கிற பிள்ளைய அழிக்கிறதுக்குக் கூப்புடுறீகளே, நீங்கள்லாம் மனுசருகதானா?" என்று ஒருநாள் எல்லோரையும் வாசலோடு விரட்டிவிட்டு, மறுநாள் மகளைத் தான் வேலை பார்க்கும் பட்டாசு ஆலைக்கு வேனில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே சோலைமணி பிழைத்துக்கொண்டாள். பிழைத்துக்கொண்டாள் என்று மட்டும் சொன்னால் போதாது, சரம் பின்னுவதில் அவள் விரலுக்கு ஈடாக அந்த ஆலையில் வேறு விரல் இல்லை. எழுத்துதான் அவள் கண்ணுக்கு நிற்காது. திரியும் வெடியும் நூலும் எந்தப் பக்கம் வளைந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ஒரு தடவை பார்த்ததும் கைக்குள் வாங்கிக்கொண்டாள். அதோடு இன்னொன்றும் இருந்தது. கண்காணி பூலோகம், வேலைக்கு ஆள் சேர்த்து மேய்ப்பவர், தினமும் சாயங்காலம் நோட்டோடு வந்து உட்கார்ந்து, "சொல்லும்மா" என்பார். அன்றைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் எந்த அறையில் இருந்தார்கள், யார் பாதியில் எந்த அறைக்கு மாறினார்கள் என்று சோலைமணி மூச்சு விடாமல் சொல்வாள். பூலோகம் எழுதிக்கொள்வார். "ஏ, நீ செத்துப்போனா இந்த ஆலைய மூடிற வேண்டியதுதான்" என்பார். அவள் பெயர் ஆலையின் அசல் பதிவேட்டிலேயே ஏறியது.

அசல் பதிவேட்டில் ஏறுவது எல்லோருக்கும் வாய்க்காது. லைசென்ஸில் ஓர் அறைக்கு இத்தனை ஆள் என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் இருந்த ஆட்களின் பெயர் பூலோகத்தின் நோட்டில் மட்டும்தான் இருக்கும். வெள்ளத்தாய் பதினோரு வருடமாக அந்த நோட்டில்தான் இருந்தாள். ஆபீசர் ஜீப் வருகிறது என்று தகவல் வந்தால் நோட்டு ஆட்கள் எல்லோரும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் இருக்கும் கருவேலங்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஜீப் போனதும் வரலாம். அது அங்கே பழக்கம். யாரும் அதைத் தப்பு என்றோ சரி என்றோ யோசித்ததில்லை.

அந்த வருடம் மாசியில் காட்டுக்குள் ஒருத்தியை விரியன் கடித்துவிட்டது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் கால் வீங்கியே இருந்தது. அடுத்த தடவை ஜீப் என்று தகவல் வந்தபோது பதினேழு பெண்கள் காட்டுக்குப் போகமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

"அப்ப ஒண்ணு செய்ங்க" என்றார் பூலோகம். "நாலாம் நம்பர் கிடங்குல பாதிதான் சரக்கு இருக்கு. உள்ள போயி சத்தங்காட்டாம இருங்க. வெளிய பூட்டிட்டா ஆபீசர் எட்டிக்கூடப் பாக்கமாட்டாரு. அரை மணி நேரம்."

"பூட்டிட்டு மறந்துறாதீக அண்ணாச்சி, சாயங்காலம் எம்புருசனுக்குக் கஞ்சி ஊத்தணும்" என்றாள் ஒருத்தி.

"ஒம் புருசனா? நீ இல்லாட்டி அவன் நிம்மதியா ஓட்டல்ல புரோட்டா திம்பான்" என்றாள் இன்னொருத்தி.

உள்ளே போகிற பதினேழு பேரையும் பூலோகம் அப்போதே நோட்டில் குறித்துக்கொண்டார். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். வெள்ளத்தாய் சரம் பின்னும் அறையைத் தாண்டும்போது தலையை நீட்டி, "ஏ புள்ள, தூக்குல கொழம்பு ஒழுகுது பாரு, நிமித்தி வையி" என்றாள். சோலைமணி நிமிர்த்தி வைத்தாள்.

ஜீப்பில் வந்தது ஆபீசர் இல்லை. பெண் பார்க்கப் போகிற வழியில் பாதை தவறி வந்த ஒரு குடும்பம். தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள், பூலோகத்திடம் வழி கேட்டார்கள். பூலோகம் சாவியைச் சட்டைப் பையில் போட்டபடி அவர்களோடு மெயின் ரோடு வரைக்கும் நடந்து போய்க் கையைக் காட்டிக்கொண்டிருந்தபோது மருந்து கலக்கும் அறையில் பற்றியது.

சரம் பின்னும் அறை தப்பியது. மற்ற அறைகளில் ஒன்பது பேர் செத்தார்கள். ஒன்பது பேரும் அசல் பதிவேட்டில் இருந்தவர்கள். நாலாம் நம்பர் கிடங்கு இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அள்ளுவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"வெளிய பூட்டுன ரூமுக்குள்ள ஆளு எப்படிங்க இருக்கும்?" என்று ஆலை மேனேஜர் எல்லோரிடமும் கேட்டார். பத்திரிகைக்காரர்களிடம் கேட்டார், போலீஸிடம் கேட்டார், துக்கம் கேட்க வந்தபோது ஊரிலும் கேட்டார். கேட்கக் கேட்க அது நியாயமான கேள்வியாகவே தெரிய ஆரம்பித்தது. கருகிய பூட்டுதான் கம்பெனியின் முதல் சாட்சி. பூலோகமோ, "நோட்டுல என்ன இருக்கோ அதான்" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

நோட்டு போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. முதல் நாளே கைப்பற்றி, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, முத்திரை குத்தி, எத்தனை பக்கம் என்று மேலே தகவலும் அனுப்பிவிட்டார்கள். ஒரு பக்கம் கிழிந்தாலும் கேள்வி வரும். நோட்டு முழுசாக இருக்க வேண்டும், எழுத்து மட்டும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு காரியத்தைச் செய்யக்கூடியவள் ஒத்தைக்கரிசலில் இருக்கிறாள் என்று மேனேஜருக்கு யார் சொன்னார்கள் என்பதில் இரண்டு கருத்து உண்டு.

அவர் மிரட்டவில்லை. பழம் வாங்கிக்கொண்டு வந்து, பாயில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒங்கம்மா வேலைக்கு வந்துச்சா இல்லையான்னே இப்பக் கேள்வி வந்துருச்சும்மா. நோட்டுல பேரு இருக்கா இல்லையான்னு மகள்காரி நீ பாக்க வேண்டாமா? நான் ஏட்டையாகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

வாசிக்க ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்று சோலைமணிக்குத் தெரியும். தெரிந்தும் போனாள். வாசிக்காமல் சும்மா பார்த்துவிட்டு வந்துவிடலாம், ரேஷன் கடைப் பலகையைத் தாண்டி வருவதுபோல வந்துவிடலாம், அத்தனை வருடப் பழக்கம் கைகொடுக்கும் என்று நினைத்தாள்.

ஸ்டேஷனில் ஏட்டு அந்த நாளின் பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். அவள் காகிதத்தின் ஓரத்தைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், எழுத்துகளை எறும்பு ஊர்கிறது என்று நினைத்துக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் உதிரவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்தது. எழுந்துவிடலாம் என்று நாற்காலியைத் தள்ளினாள்.

அப்போது மேனேஜர் பக்கத்தில் குனிந்து, விரலை வைத்து, மெதுவாகச் சொன்னார்: "இந்தா, ஒம்பதாவது வரி. இதுதாம்மா ஒங்கம்மா பேரு."

அவள் அதுவரை அம்மாவின் பெயரை எழுத்தில் பார்த்ததில்லை. ஒரே ஒரு கணம்தான். உடம்பில் இருந்த ஆசையெல்லாம் அவளைக் கேட்காமலே கண்ணுக்கு வந்துவிட்டது. ஒன்பதாவது வரி முதலில் உதிர்ந்தது, அது மேல் வரியைக் கூப்பிட்டது, மேல் வரி கீழ் வரியை இழுத்தது, பதினேழு பெயரும் மேசைமேல் கொட்டின. மின்விசிறிக் காற்றில் கொஞ்சம் பறந்தன. ஏட்டு மிச்சத்தைக் கையின் ஓரத்தால் வழித்துக் குப்பைக்கூடையில் தட்டிவிட்டு, "பக்கம், முத்திரை, எல்லாம் சரியா இருக்கு" என்று நோட்டை மூடினார்.

அதன் பிறகு பூலோகம் மறுபடியும், "நோட்டுல என்ன இருக்கோ அதான்" என்றார்.

ஊர் சோலைமணியை அடித்தது. பெண்கள்தான் அடித்தார்கள், தெருவில் இழுத்துப் போட்டு, தலையில் மண்ணை வாரிப் போட்டு, "பெத்தவளத் தின்னுட்டியேடி" என்று அழுதுகொண்டே அடித்தார்கள். அவள் கையை எடுத்துத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஊர் வேறு விதமாகப் பேச ஆரம்பித்தது. செத்ததற்கு உடம்பும் இல்லை, பெயரும் இல்லை என்றால் அவர்கள் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்? பதினேழு பேரும் கேரளாவில் முந்திரி ஆலைக்குப் போய்விட்டார்கள் என்று முதலில் ஒரு பேச்சு வந்தது. பிறகு கொல்லத்துக்கு லோடு ஏற்றிப் போன ஒருவர் அவர்களில் இருவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சொன்னார். அப்புறம் செய்திகள் வரிசையாக வந்தன. ஒருத்திக்கு உடம்பு பூசினாற்போல் ஆகியிருக்கிறது, ஒருத்தி மலையாளம் சரளமாகப் பேசுகிறாள், ஒருத்தி பிள்ளைகளை விசாரித்தாளாம், பெரியவனுக்கு மூக்குச்சளி நின்றதா என்று கேட்டாளாம். பிள்ளைகள் அதை நம்பின. புருஷன்மார்களில் இரண்டு பேர் ஓடிப்போனவளுக்காக எவ்வளவு நாள் காத்திருப்பது என்று வேறு பெண் பார்த்தார்கள். வெள்ளத்தாய் போர் போடும் லாரிக்காரன் ஒருவனோடு போய்விட்டாள் என்றும், அவன் திருச்செங்கோட்டுக்காரன் என்றும், நெற்றியில் மச்சம் உள்ளவன் என்றும் சொன்னார்கள்.

"பாவம், இத்தன வருசம் தாலி அறுத்துத் தனியா இருந்தவதானே, போகட்டும்" என்று இரக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். சோலைமணியால் அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா செத்ததை அழித்தது அவள் கண். செத்தவளை ஓடிப்போனவளாகத் திரிய விட்டதும் அவள் கண். அம்மா அந்தக் கிடங்குக்குள்தான் செத்தாள் என்று எங்காவது, யார் கையாலாவது, ஒரு தாளில் ஏற வேண்டும். அதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

விசாரணை வைகாசியில் தாலுகா அலுவலகத்து மாடியில் நடந்தது. விசாரணை அதிகாரி நாற்பது வயதுள்ள ஓர் அம்மாள், அதிர்ந்து பேசாதவர், விதியைத் தாண்டி ஒரு விரற்கடை நகராதவர். பக்கத்தில் ஒரு பெண் டைப்பிஸ்ட். எதிரே கம்பெனி வக்கீல். சோலைமணி கூப்பிடாமலே போய் நின்று, "கிடங்குல இருந்த பதினேழு பேரையும் நான் சொல்றேங்க" என்றாள்.

"எழுதிக்கொண்டு வந்திருக்கியாம்மா?"

"இல்லங்க. சொல்றேன்."

காலையில் வேன் எந்த வழியாக வருமோ அந்த வழியாகவே அவள் சொல்லிக்கொண்டு போனாள். முதலில் சின்னையாபுரம் விலக்கில் ஏறுபவள், அவள் பெயர், புருஷன் பெயர், டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்காருவாள், ஜன்னலைத் திறந்தால் திட்டுவாள். அடுத்து பாலத்தடியில் ஏறும் அக்காள் தங்கை இருவர், ஒரே சீப்பில் தலை சீவிக்கொண்டே ஏறுவார்கள். அடுத்து சர்ச் நிறுத்தத்தில் நான்கு பேர், அவர்களில் கடைசியாக ஓடி வருபவளுக்காக வேன் தினமும் ஹாரன் அடிக்கும். ஒவ்வொருவரும் எந்த அறையில் வேலை பார்த்தார்கள், அன்றைக்கு என்ன சேலை, கிடங்குக்குள் போகும்போது யாருக்குப் பின்னால் யார் போனார்கள். டைப்பிஸ்ட் ஒரு கட்டத்தில் விரலை நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள், பிறகு அடித்தாள். கடைசி நிறுத்தம் ஒத்தைக்கரிசல். "வெள்ளத்தாய். புருசன் பேரு சீனிராசு, செத்துட்டாரு. எனக்குப் பக்கத்துல உக்காரும்" என்று முடித்தாள் சோலைமணி.

வக்கீல் கேள்வியே கேட்கவில்லை. "வாக்குமூலத்தை சாட்சி படிச்சுப் பாத்து, சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும், இல்லையாங்க மேடம்?" என்றார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. "பொண்ணு படிக்கட்டும்."

டைப்பிஸ்ட் மெஷினிலிருந்து தாளை உருவினாள். சோலைமணி அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த அம்மாவையே வாசிக்கச் சொல்லுங்க. நான் கேக்கறேன்."

"எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குத்தான் அப்படிப் படிச்சுக் காட்டலாம்" என்றார் அதிகாரி. "கைநாட்டு வாங்கி, 'எழுதப் படிக்கத் தெரியாதவர், படிக்கக் கேட்டார்' என்று குறிப்பு எழுதணும். தெரிஞ்சவங்கன்னா அவங்களேதான் படிக்கணும். உனக்குத் தெரியுமா, தெரியாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா."

இரண்டில் எது என்று சொல்வது? ஒன்பது வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு எழுத்தின் பெயரும் ஓசையும் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியும். அதை வீட்டுச் சுவரில் கரியால் இழுத்து இழுத்து, எங்கே வளைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கைக்குச் சொல்லிக்கொடுத்து, இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டிருந்தாள். வேலையில் சேர்ந்த அன்று அவள் அதைப் போட்டபோது வெள்ளத்தாய் பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, "ஏம்மக போடுறா பாருங்க, என்னய மாதிரி மை தடவல" என்று காட்டியிருந்தாள். தெரியும் என்பதற்கும் தெரியாது என்பதற்கும் நடுவில் ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

"தெரியாதுங்க" என்றாள் சோலைமணி.

வக்கீல் தயாராக வைத்திருந்தார். "ஒன்பதாம் வகுப்பு வரை படிச்சதுக்கு ஸ்கூல் ரெக்கார்டு இருக்கு மேடம். கம்பெனில கையெழுத்துப் போட்ட நகலும் இருக்கு. பொய் சொல்லுது."

"அது கையெழுத்து இல்ல சார், படம்" என்றாள் அவள். "பள்ளிக்கூடத்துல ஒம்பது வருசம் உக்காந்துருந்தேன். படிக்கல. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னே எழுதிக்கிடுங்க."

கீழே மரத்தடியில் நின்றிருந்த ஒத்தைக்கரிசல்காரர்கள் சிலர் படியேறி வந்து வாசலை அடைத்து நின்றார்கள். அதிகாரி தலையசைத்தார். டைப்பிஸ்ட் வாசிக்க ஆரம்பித்ததும் சோலைமணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பதினேழு பெயரும் அவள் காதில் விழுந்தன. பதினேழாவது பெயர் வந்தபோது தாள் முகத்துக்குப் பக்கத்தில் வந்த வாசனை அடித்தது. வக்கீல் அதை வாங்கி அவள் முன்னால் பிடித்திருந்தார்.

"கண்ணத் தொறந்து பாரும்மா. ஒங்கம்மா பேரு சரியா அடிச்சிருக்கான்னு நீயே பாத்துக்க. ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் அது ஒங்கம்மா இல்லேன்னு ஆயிரும். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

மூடிய இமைக்கு உள்ளே அவள் கண் அந்தப் பக்கமே திரும்பியது. பார்க்க வேண்டும் என்ற ஆசை ஸ்டேஷனில் வந்ததைவிடப் பலமாக வந்தது. நாற்காலிப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். இமை துடித்தது.

"அவங்க வாசிச்சது காதுல விழுந்துச்சு சார்" என்றாள். "எங்கம்மாதான்."

பிறகு கண்ணைத் திறக்காமலே இடது கையை நீட்டினாள். டைப்பிஸ்ட் அந்தப் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, தாளில் வைத்தாள். முதல் தடவை ரேகை இழுத்துவிட்டது. மறுபடி ஒரு தடவை வைக்க வேண்டியிருந்தது. தாள் கோப்புக்குள் போய் நாடா கட்டப்பட்டது என்று யாரோ சொன்ன பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள். வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

விசாரணை அறிக்கை இறந்தவர்கள் ஒன்பது பேர் என்றது. எழுத்தறிவற்ற ஒரு சாட்சியின் வாய்மொழியை மட்டும் கொண்டு மற்றவர்களை இறந்தவர்களாகக் கொள்ள முடியாது என்றும், பெயர்கள் பதிவாகியிருப்பதால் பதினேழு பேரையும் காணாமல் போனவர்களாகக் குறித்துக்கொள்ளலாம் என்றும் எழுதியது. ஆலை வேறு பெயரில் திறந்தது. கேரளாவிலிருந்து செய்தி வருவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஏழு வருடம் காணாமல் இருப்பவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. சோலைமணி ஏழு வருடம் காத்திருந்து, மற்றக் குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள் என்று கதை முடிகிறது.

போன பங்குனியில் ஒரு சான்றிதழ் வேலையாக அந்தத் தாலுகா அலுவலகத்துக்கு நான் போக வேண்டி வந்தது. கேட்கலாமா கூடாதா என்று வெகுநேரம் வரிசையில் நின்று யோசித்துவிட்டு, இறப்புப் பதிவேட்டைப் பார்க்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். கோர்ட் உத்தரவின்படி என்ற குறிப்போடு பதினேழு பெயர்கள் அடுத்தடுத்த எண்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இறந்த இடம் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். அகர வரிசையில் எழுதவில்லை, வயது வரிசையிலும் இல்லை. முதல் பெயருக்கு ஊர் சின்னையாபுரம் விலக்கு. அடுத்த இரண்டும் ஒரே தகப்பன் பெயர் கொண்டவை. வெள்ளத்தாய் பதினேழாவது.